மாதம் நின்ற பிறகு: ஊவாத் தோட்டங்களில் பெண்கள் கேட்கும் கேள்விகள்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண்ணுக்கு ஐம்பது வயது நெருங்கினால் லயத்தில் பேச்சு ஈ.பி.எப். பணத்தைச் சுற்றியே ஓடும். பெண் தொழிலாளி 50 வயதில் வேலையிலிருந்து நின்று அந்தச் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. மகளின் கல்யாணக் கடன், ஒழுகும் கூரைத் தகரம், அடகில் கிடக்கும் நகை என்று பணம் வருமுன்பே அது போகும் வழி தீர்மானமாகிவிடும். பணம் தீர்ந்ததும் பலர் அதே மலைக்குக் கைக்காசு (நாட்கூலி) ஆளாகத் திரும்பிப் போகிறார்கள்.

அதே வயதில்தான் உடம்புக்குள்ளும் ஒரு மாற்றம் நடக்கிறது. அதைப் பற்றி லயத்தில் யாரும் வாய்திறப்பதில்லை. சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைக்கின்றன. மாதவிடாய் தள்ளிப்போய், விட்டுவிட்டு வந்து, கடைசியில் நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜனின் வேலை மாதவிடாயோடு முடிவதில்லை. எலும்பு, இரத்தக்குழாய், தூக்கம், சிறுநீர்ப்பாதை, பிறப்புறுப்பின் ஈரம் எல்லாமே அதை நம்பியிருந்தவை. ஹப்புத்தளைக் குளிரில் நடுராத்திரி வியர்த்து எழுவது, மலை இறங்கும்போது முழங்கால் வலிப்பது, தும்மினால் சிறுநீர் சொட்டுவது எல்லாம் ஒரே காலத்தில் வந்து சேர்வதற்குக் காரணம் அதுதான்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருக்கிறார்கள்: "வயசானா அப்பிடித்தான்." பாதி மட்டுமே உண்மையான இந்தப் பதில் எத்தனையோ பெண்களை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்துவைத்திருக்கிறது. மாதம் நிற்பது நோயல்ல. ஆனால் அதோடு வரும் பல தொல்லைகளுக்கு மருந்து இருக்கிறது. சிலவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. எது எந்த வகை என்று பிரித்துக் காட்டுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

"மாசம் நின்னுடுச்சுன்னு எப்ப முடிவு பண்றது மிஸ்?"

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று கொள்ளலாம். ஆறு மாதம் வராமல் இருந்து ஏழாம் மாதம் வந்தால், எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் இது நடக்கிறது. நாற்பதுக்கு முன்பே நின்றுபோனால் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும். அப்படிப்பட்டவருடைய எலும்பும் இதயமும் மற்றப் பெண்களைவிடப் பத்து வருடம் முன்னதாகவே பாதுகாப்பை இழக்கின்றன. வேறு தடை இல்லாவிட்டால் ஐம்பது வயதுவரை ஹோர்மோன் மருந்து எடுக்கச் சொல்வதே வழக்கம்.

தோட்டங்களில் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. "புள்ள பெத்து ஆபரேஷன் செஞ்சதாலதான் சீக்கிரமா நின்னுடுச்சா?" குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் கருக்குழாய்களைத்தான் கட்டுகிறார்கள். சூலகத்தை யாரும் தொடுவதில்லை. அதனால் மாதம் நிற்காது, எலும்பும் தேயாது. கர்ப்பப்பையை எடுத்தவர்களின் கதை வேறு. மாதவிடாய் அன்றோடு நின்றுவிடும். சூலகங்களை விட்டுவைத்திருந்தால் ஹோர்மோன் தொடர்ந்து சுரக்கும், அவற்றையும் எடுத்திருந்தால் மறுவாரமே அனலும் வியர்வையும் தொடங்கலாம். ஆகவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எதை எடுத்தார்கள் என்பதை டிக்கெட்டைப் பார்த்துத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வெளியேறும்போது கொடுக்கும் நோய்க்குறிப்பு அட்டையை ரேஷன் கார்ட் போலப் பத்திரப்படுத்த வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் குழப்பம் தரும். அந்த ஊசி போடும் பலருக்கு மாதவிடாயே வராது. ஊசியை நிறுத்தினால்தான் இயற்கையாக நின்றதா, ஊசியால் நின்றதா என்று தெரியும். ஊசி போடும் காலத்தில் எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறையும், நிறுத்தியபின் பெரும்பாலும் தேறிவிடும். நாற்பத்தைந்தைத் தாண்டியும் தொடர்ந்து போட்டு வருபவர்கள் வேறு முறைக்கு மாறலாமா என்று மிட்வைபிடம் கேட்கலாம்.

மாதம் தவறியதும் கருத்தடையைக் கைவிட்டு, 46 வயதில் கர்ப்பமாகித் திகைப்பவர்களும் உண்டு. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து ஒரு வருடமும், ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இரண்டு வருடமும் கருத்தடையைத் தொடர வேண்டும்.

"உடம்பெல்லாம் அனல் அடிக்குது, தூக்கமே இல்ல"

நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஒரு சூடு ஏறும். முகம் சிவக்கும், வியர்க்கும், இதயம் படபடக்கும். சில நிமிடங்களில் அடங்கி, பிறகு குளிரும். சிலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடும், சிலருக்கு ஏழெட்டு வருடம் நீடிக்கும். ஆனால் இலங்கைப் பெண்களை அதிகம் படுத்துவது இந்த அனல் அல்ல. 2009ஆம் ஆண்டு வெளியான ஓர் இலங்கை ஆய்வில், இந்த வயதுப் பெண்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் மூட்டு, தசை வலியைச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டோர் உடல், மனச் சோர்வைச் சொன்னார்கள். அனலைச் சொன்னவர்கள் ஐவரில் இருவர் அளவுதான். சித்தாலேபவும் கோடாலித் தைலமும் ஏன் எந்த லயத்திலும் தீராமல் இருக்கின்றன என்பது இதிலிருந்து விளங்கும்.

எல்லாவற்றையும் மாதவிடாயின் தலையிலேயே போட்டுவிடவும் கூடாது. சோர்வுக்கு இரத்தசோகை காரணமாக இருக்கலாம், தைரொய்டு காரணமாக இருக்கலாம், சீனி வருத்தமும் இருக்கலாம். மூன்றையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். இரவு வியர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மெலிவும் இருந்தால், முதலில் சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பத்துப் பேர் நெருக்கமாக வாழும் லயக் காம்பராவில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

மனம் சலிப்பதும் எரிந்துவிழுவதும் அழுகை முட்டுவதும் இந்தக் காலத்தில் கூடலாம். குடிக்கிற கணவன், கொழும்பில் வேலை தேடிப் போன மகன், அடைபடாத கடன் என்று வீட்டுப் பாரமும் அதே வயதில்தான் அழுத்துகிறது. அந்தச் சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

ஹோர்மோன் மருந்து என்றதும் பலர் பயப்படுவது புற்றுநோயை நினைத்துத்தான். அந்தப் பயம் 2002இல் அமெரிக்காவில் இடைநிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வோடு உலகமெங்கும் பரவியது. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்து எடுத்த 10,000 பெண்களில் வருடத்துக்கு எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்புப் புற்றுநோய் வந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. பிற்பாடு வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள் அல்லது மாதம் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிற, வேறு நோய்கள் இல்லாத பெண்களுக்கு நன்மையே அதிகம் என்று தெரியவந்தது. அனலால் தூக்கம் கெட்டு வேலைக்குப் போக முடியாமல் தவிப்பவர் இதைப் பற்றி டொக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம், ஈரல் நோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இந்த மருந்து ஆகாது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் குளிசையைத் தனியாக எடுக்கவே கூடாது. பக்கத்து வீட்டம்மாவின் குளிசையை வாங்கிப் போடுவதும் கூடாது.

நின்ற பிறகு மீண்டும் இரத்தம் பட்டால்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஒருவர் வாசிப்பார் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், ஒரே ஒரு நாள் மட்டும் பட்டாலும், வலியே இல்லாவிட்டாலும், காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் சாதாரணமானதாக இருக்கும்: வறண்டு மெலிந்த தோல், சிறு சதை வளர்ச்சி, இறங்கிய கர்ப்பப்பையில் உரசல். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய். அந்தப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே இரத்தத்தைக் காட்டிவிடுகிறது. அதனால்தான் சீக்கிரம் வந்தவர்களில் பெரும்பாலோரை ஆபரேஷனால் குணப்படுத்த முடிகிறது. ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிப்பை அளப்பார்கள். தேவையென்றால் சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பார்கள். உறவுக்குப் பின் இரத்தம் பட்டாலோ நாற்றமுள்ள நீர் வடிந்தாலோ கர்ப்பப்பை வாசலையும் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் இதற்குக் கிடைக்கும் விளக்கம் "சூடு", அல்லது "மாசம் திரும்பி வந்திருக்கு, இளமை திரும்புது" என்ற சிரிப்பு. இரண்டையும் நம்பி மாதக்கணக்கை இழக்க வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரியில் பனடோலும் இரும்புக் குளிசையும் வாங்கிக்கொண்டு திரும்புவதும் போதாது. பதுளை போதனா வைத்தியசாலை, தியத்தலாவை ஆதார வைத்தியசாலை, மொனராகலை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்ற இடங்களில் பெண் நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு வாங்கிப் போக வேண்டும்.

சிங்களம் சரளமாக வராத பெண்கள் அறைக்குள் போனதும் "படே வேதனாய்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுகிறார்கள். வயிற்றுவலி மருந்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யலாம், பேரப்பிள்ளையைக் கொண்டு துண்டில் எழுதியும் போகலாம்: "ஒசப் வீம நவதிலா அவுருத்தக் உனா. தென் ஆயெத் லே யனவா." மாதம் நின்று ஒரு வருடமாகிவிட்டது, இப்போது மீண்டும் இரத்தம் போகிறது என்பதே அதன் பொருள். இதைக் கேட்ட எந்த டொக்டரும் அப்படியே அனுப்பிவிட மாட்டார்.

"மலை ஏறி இறங்குறவளுக்கு எலும்பு தேயுமா?"

நியாயமான கேள்வி. நடையும் சுமையும் எலும்பைப் பலப்படுத்துகின்றன என்பது உண்மைதான். பதினெட்டு இருபது வயதில் மலைக்குப் போகத் தொடங்கிய பெண்ணின் எலும்புக்கு அந்த உழைப்பு நன்மை செய்திருக்கும். ஆனால் எலும்பு முப்பது வயதுவாக்கில் தன் உச்சத்தை எட்டிவிடுகிறது. அந்த உச்சம் எவ்வளவு உயரம் என்பதைச் சிறுவயதுச் சாப்பாடு தீர்மானிக்கிறது. மூன்று வேளையில் இரண்டு வேளை கோதுமைமா ரொட்டியும் சம்பலும் வெறுந்தேத்தண்ணியுமாக வளர்ந்த பெண்ணுக்கு அந்தச் சேமிப்பு தாழ்வாகவே இருக்கும். மெலிந்த உடம்பு, அடுத்தடுத்த பிரசவம், நீண்ட பாலூட்டல் எல்லாம் வந்துபோன பிறகு மாதம் நிற்கிறது. எலும்பை அரிக்கும் செல்களை அதுவரை கட்டுப்படுத்தி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன். அது போனதும், அடுத்த ஐந்து முதல் ஏழு வருடத்தில் ஒரு பெண் தன் எலும்பு அடர்த்தியில் 20 வீதம் வரை இழக்கக்கூடும். வெளியே ஒன்றும் தெரியாது. கறையான் உள்ளே அரித்த நிலைக்கதவு போலத்தான், தட்டுகிற நாள் வரை நிமிர்ந்தே நிற்கும்.

அந்தத் தட்டு, தோட்டத்தில் எங்கிருந்தும் வரலாம். மழையில் வழுக்கும் லயத்துப் படி, தேயிலைச் சரிவில் உருளும் கல், குளவி கலைந்து ஓடும் ஓட்டம். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு முறியும். இடுப்பில் விழுந்தால் தொடை எலும்பின் கழுத்து முறியும். முதுகெலும்பு நொறுங்குவதற்கு விழவே தேவையில்லை. குனிந்து ஒரு சாக்கைத் தூக்கினாலே போதும். முதுகெலும்பில் ஏற்படும் இத்தகைய நொறுங்கல்களில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த நேரத்தில் எவர் கண்ணிலும் படாமலே போகின்றன. "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்று இரண்டு நாள் படுத்துவிட்டு மலைக்குப் போய்விடுகிறார்கள். பிறகு கூன் விழுகிறது, சேலை நீளம் கூடினாற்போலத் தரையில் புரள்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் காசில்லாத ஒரு வழி உண்டு. காம்பராச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, தலை உயரத்தில் ஒரு கோடு போட்டு, தேதியை எழுதிவைக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன், மீண்டும் நின்று பார்க்கலாம். இளவயது உயரத்திலிருந்து நான்கு சென்ரிமீற்றர் குறைந்திருந்தால் முதுகை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா இயந்திரம் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இல்லை. ஆனால் இயந்திரம் இல்லாமலே அபாயத்தைக் கணிக்க முடியும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட 'ஃப்ரக்ஸ்' என்ற கணிப்பு முறையில் இலங்கைக்கென்றே தனிக் கணக்கு இருக்கிறது. வயது, எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, தாய் அல்லது தந்தையின் இடுப்பு முறிவு, ஸ்டீரொய்ட் மருந்து, புகை, குடி, மூட்டுவாதம் ஆகியவற்றை வைத்து அடுத்த பத்து வருடத்தில் எலும்பு முறியும் வாய்ப்பை அது சொல்லும். ஆகவே டொக்டரிடம் போகும் பெண் மறக்காமல் சொல்ல வேண்டியவை இவை: ஐம்பதுக்குப் பிறகு சிறு விழுதலில் கை முறிந்ததா, அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா, இழுப்புக்கு நெடுநாள் குளிசை குடித்தாரா, எத்தனை வயதில் மாதம் நின்றது. ஐம்பதில் முறிந்த மணிக்கட்டு, அறுபத்தைந்தில் முறியக்கூடிய இடுப்புக்கு முன்னறிவிப்பு. அதற்குப் பத்துப் போட்டுக் கட்டுவதோடு நிறுத்தினால் அறிவிப்பு வீணாகிறது. கட்டுவைத்தியரிடம் போகிறவர்களும் முதலில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கல்சியம் தேவை. ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 கிடைக்கும். 2022 நெருக்கடியில் பால்மா விலை ஏறியதிலிருந்து பல வீடுகளில் அது குழந்தைகளுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. மொனராகலைச் சேனைகளில் விளையும் குரக்கன், 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கல்சியம் தருகிறது. ரொட்டி மாவில் பாதிக்குப் பாதி குரக்கன் கலந்தால் செலவு பெரிதாகக் கூடாது. முள்ளோடு மெல்லக்கூடிய நெத்தலி மிக நல்லது. கருவாடாக இருந்தால் உப்புப்போக ஊறவைத்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பிரஷர் ஏறும். முருங்கைக் கீரையும் ஒரு கரண்டி எள்ளும் சேரட்டும். எலும்புக்குப் புரதமும் வேண்டும்: பருப்பு, முட்டை, கடலை, சோயா மீட். குளிசையாக எடுப்பவர்கள் கல்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காமல், இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

"நாள்முழுக்க வெயில்ல நிக்கிறோமே, விற்றமின் டி குறையுமா?" குறையலாம். குளவிக்கும் அட்டைக்கும் வெயிலுக்கும் பயந்து முழுக்கைச் சட்டை, தலைத்துணி, இடுப்பில் படங்கு என்று உடம்பு முழுவதையும் மூடிக்கொண்டுதான் கொழுந்து பறிக்கிறார்கள். ஹப்புத்தளை, நமுனுகுலைப் பக்கங்களில் மூட்டம் பாதி நாளை விழுங்கிவிடுகிறது. ஓய்வு நேரத்தில் கையும் காலும் வெயில்பட இருந்தால் நல்லது. குறைவு உறுதியானால் டொக்டர் குளிசை தருவார்.

தேயிலை எலும்பை அரிக்கிறதா என்று தேயிலை பறிப்பவர்களே கேட்கிறார்கள். இல்லை. ஆனால் அது உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டால் இரத்தசோகைக்கு நல்லது. வெற்றிலைச் சுண்ணாம்பில் கல்சியம் இருக்கிறதே என்ற வாதத்தையும் கேட்கலாம். பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது, புகையிலை சேராவிட்டாலும் அப்படித்தான். வாய்ப் புற்றுநோயை விலையாகக் கொடுத்து எவரும் கல்சியம் தேட வேண்டாம்.

எலும்புத் தேய்வு உறுதியானவர்களுக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் குளிசை பெரும்பாலும் எழுதப்படும். எலும்பு முறிவை நன்கு குறைக்கும் மருந்து அது. ஆனால் போடும் முறை தவறினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத்தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், குனியாமல், ஒன்றும் குடிக்காமல் இருக்க வேண்டும். பெரட்டுக்கு (காலை ஆட்கணக்குக்கு) ஓடும் அவசரத்தில், கண் விழித்ததும் தேத்தண்ணி குடித்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டம். ஆகவே வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையைக் குளிசை நாளாக வைத்துக்கொள்வது நல்லது. சொத்தைப் பல் இருந்தால் குளிசை தொடங்குமுன் அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

சுமையைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, 16, 18, 20 கிலோ என்று கொழுந்து கேட்கிறார்கள். குறைந்தால் அரைப்பேர். தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் அந்தப் பாரம், கழுத்திலிருந்து இடுப்புவரை ஒவ்வொரு முள்ளெலும்பையும் அழுத்துகிறது. நிறுவைக்கு அடிக்கடி போய்ச் சுமையைப் பிரித்து இறக்குவது, முழங்காலை மடித்து உட்கார்ந்து தூக்குவது, முதுகை வளைத்து எட்டி இழுக்காமல் இருப்பது ஆகியவை தொழிலாளியின் கையில் இருப்பவை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் செங்குத்து மலையை ஒதுக்காமல் ரோட்டோரத்து மலையைக் கொடுப்பது கங்காணியின் கையிலும் துரையின் கையிலும் இருக்கிறது. எலும்பு முறிந்த முதுகுக்கு முழுப்பேர் கொழுந்து கேட்பது நியாயமே இல்லை.

"அடிவயிறு இழுக்குது, அடி இறங்குற மாதிரி இருக்கு"

பெண்கள் மிகத் தாமதமாகச் சொல்வது இதைத்தான். மகளிடம்கூடச் சொல்வதில்லை. இடுப்புக்குள் வலி என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே காரணங்கள் பல.

முதலில் சிறுநீர். தேயிலை மலையில் கழிவறை இல்லாததால் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்குகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்து மெலிந்த சிறுநீர்ப்பாதையில் கிருமி எளிதில் பற்றும். கடுப்பு, எரிச்சல், அடிக்கடி முட்டுதல், அடிவயிற்று வலி வந்தால் சிறுநீரைச் சோதித்து மருந்து எடுக்க வேண்டும். காய்ச்சலும் விலாவில் வலியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். ஒவ்வொரு நிறுவை மடுவத்துக்கும் பக்கத்தில் பூட்டோடு ஒரு கழிவறை வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்கு அடுத்த கோரிக்கையாக வைக்க வேண்டும்.

அடுத்தது கர்ப்பப்பை இறக்கம். பல பிரசவம், தீராத இருமல், மலச்சிக்கல், வருடக்கணக்கில் சுமந்த பாரம் எல்லாம் இடுப்புத்தளத் தசையைத் தளர்த்துகின்றன. மாலையானால் கீழே ஏதோ தட்டுவது போலிருக்கும். படுத்தால் குறையும். சிலருக்குச் சதை வெளியே வந்து, கையால் உள்ளே தள்ளிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இதற்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்ற பயத்தால்தான் பலர் ஒளிக்கிறார்கள். ஆரம்ப நிலையில் பயிற்சியே உதவும். சிறுநீரை அடக்கும்போது இறுக்கும் தசையை இறுக்கி, பத்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று நான்கு மாதம். தும்மும்போது சிறுநீர் சொட்டுவதும் இதில் குறையும். ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களுக்கு உள்ளே வைக்கும் வளையம் இருக்கிறது. சில மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் எடுத்துக் கழுவி மாற்றுவார்கள். முற்றிய நிலைக்கு ஆபரேஷன் நல்ல பலன் தரும்.

"அவரு கிட்ட வந்தாலே வலிக்குது." இதைச் சொல்லும் பெண் வெட்கத்தோடும் சில வேளை பயத்தோடும் சொல்கிறார், மறுத்தால் வீட்டில் சண்டை. வறட்சியால் வரும் வலி இது. உள்ளே பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு இதற்கென்றே இருக்கிறது, இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். எரிச்சலும் அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும் அதனால் குறையும். பார்மசியில் கிடைக்கும் வழுக்கு ஜெல்லும் உதவும். கணவனுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டும். மிட்வைபிடம் கேட்டால் இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்.

ஃபைப்ரொய்ட் கட்டிகளும் எண்டொமெட்ரியோசிஸ் வலியும் மாதம் நின்றபின் பொதுவாக அடங்கும். நின்ற பிறகு ஒரு கட்டி வளர்ந்தால் அது வேறு விஷயம். ஐம்பது தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக வயிறு உப்பிக்கொண்டே இருந்து, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்து, அடிவயிறு வலித்து, அடிக்கடி சிறுநீர் போகிறது என்றால், மூன்று வாரத்துக்கு மேல் "காஸ்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. சூலகப் புற்றுநோய் இப்படித்தான் சத்தமில்லாமல் வருகிறது. ஸ்கேன் கேட்க வேண்டும்.

எப்போது 1990ஐ அழைப்பது?

விழுந்தவரால் எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பு முறிந்திருக்கிறது. அக்குளில் பிடித்துத் தூக்கி நிறுத்தவும் லொறியில் உட்காரவைக்கவும் கூடாது. பலகையில் அசையாமல் படுக்கவைத்து, 2016இல் தொடங்கி இப்போது நாடெங்கும் இலவசமாக ஓடும் சுவசெரிய அம்புலன்ஸை 1990இல் அழைக்க வேண்டும். இடுப்பு முறிவுக்கு ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் நடந்தால்தான் மீண்டும் நடக்கும் வாய்ப்பு கூடும். முதுகுவலியோடு இரு தொடைக்கும் நடுவில் மரத்துப்போய், சிறுநீர் வெளியேறாமல் நின்றாலும் அதே இலக்கத்தை அழைக்க வேண்டும். துணி நனையும் அளவுக்கு இரத்தம் போனாலும் அப்படியே.

கிளினிக் நாள்

நாட்டில் 1996இல் தொடங்கப்பட்ட சுவநாரி கிளினிக், கர்ப்பிணிகளுக்கானது என்று நினைத்துத் தாண்டிப் போகும் பெண்கள் பலர். அது 35 வயதைக் கடந்த பெண்களுக்கானது. பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பை வாசல் எல்லாவற்றையும் அங்கே பார்க்கிறார்கள். கர்ப்பப்பை வாசல் சோதனைக்கு 35, 45 வயதுப் பெண்களைக் குறிப்பாக அழைக்கிறார்கள். அந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸுக்கு எதிரான தடுப்பூசி 2017 முதல் பாடசாலைச் சிறுமிகளுக்குப் போடப்படுகிறது. பேத்திக்கு ஊசி கிடைத்திருக்கிறது, பாட்டிக்கும் அம்மாவுக்கும் இந்தச் சோதனைதான் பாதுகாப்பு.

வலிக்குமா, ஆண் டொக்டரா என்ற தயக்கம் வேண்டாம். சில நிமிட வேலை. பெண் உத்தியோகத்தர் கூடவே இருப்பார். போகும்போது கடைசி மாதவிடாய் வந்த தேதி, குடிக்கிற மருந்துகளின் அட்டை, பழைய ஆபரேஷன் குறிப்பு ஆகியவற்றைக் கையில் எடுத்துப் போனால் போதும்.

ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் ஒரு பேர் போய்விடும் என்பதுதான் உண்மையான தடை. பசறையிலோ மடுல்சீமையிலோ இருந்து பதுளைக்கு பஸ் ஏறி இறங்கும் பெண்ணுக்கு அன்றைய சம்பளமும் இல்லை, பஸ் செலவும் உண்டு. தோட்ட நிர்வாகங்கள் வருடத்துக்கு ஒரு நாளையாவது, கிளினிக் துண்டைக் காட்டும் பெண்ணுக்குப் பேர் போட்டுக் கொடுக்க வேண்டும். தலைவர்மார் அதை எழுத்தில் கேட்க வேண்டும். அது கிடைக்கும்வரை, நாலு பெண்கள் சேர்ந்து ஒரே நாளில் போனால் துணையும் ஆகும், மொழியும் சமாளிக்கலாம். உங்கள் பகுதியில் சுவநாரி கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்பது தோட்டத்துக்கு வரும் மிட்வைபுக்குத் தெரியும். அடுத்த முறை அவர் லயத்துக்கு வரும்போது கேட்டு வையுங்கள். கட்டணம் எதுவும் இல்லை.